உப்பு டப்பாவில் ஒரு ஜெட்

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லாரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அதை எழுதிவிட்டால் அப்புறம் எதையும் எழுத முடியாது என்று விட்டுவிட்டேன். போன் இருக்கும்போது இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது உங்கள் அப்பா என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அவர் காதில் விழக்கூடாத விஷயம் இது. மற்ற நாளில் பேசலாம்தான், ஆனால் பாதியில் அழுதுவிடுவேன். எழுதும்போது அழுதால் உங்களுக்குக் கேட்காது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிறப்பதற்கு முன்பே வாங்கின மோட்டார் சைக்கிள், இருபது வருஷம் படுதாவுக்குக் கீழே கிடந்தது, இப்போது மாமா ரிப்பேர் செய்யப் பிரித்துப் போட்டு என் ஹாலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. எஞ்சின் சோபாவில். பெட்ரோல் டாங்க் டிவிக்குப் பக்கத்தில். பின் சக்கரம் துணி காயப்போடும் கம்பியில் தொங்குகிறது. யாராவது வீட்டுக்கு வந்தால் உட்கார இடமில்லை, யாரும் வருவதுமில்லை, மண்ணெண்ணெய் நாற்றத்துக்கு. நானும் கத்தித்தான் பார்த்தேன். மாமா சிரித்துக்கொண்டே, "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, முடிஞ்சதும் உன்னைத்தான் முதல்ல பின்னாடி ஏத்திக்கிட்டு போவேன்" என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டாலே நான் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுகிறேன்.

ஏனென்றால், அத்தான், மாமாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது.

சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். "நாப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்குக் கண்ணு போச்சுன்னா கேவலம்மா. அவன் அங்க நிம்மதியா வேலை பாக்கட்டும்" என்றார். ஏழு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் இப்போது ஒன்றும் தெரிவதில்லை. நேரே பார்த்தால் மட்டும் ஒரு வட்டத்துக்குள் தெரிகிறதாம், அதுவும் சுருங்கிக்கொண்டே வருகிறது. போன வாரம் டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றிவிட்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்துத் தோள் துண்டால் மேஜையைத் துடைத்தார். கண் டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார், போன பார்வை திரும்பாது, மருந்து போட்டாலும் இருப்பது இந்த வருஷக் கடைசி வரைக்கும் நின்றால் பெரிசு என்று. வண்டி ஓட்டுவார் என்றால் சாவியை வாங்கி வையுங்கள் என்றார். அந்த வண்டிக்குச் சாவியே கிடையாது டாக்டர், உதைத்தால் கிளம்பிவிடும் என்றேன். அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற பித்தளை ஜெட் உடைந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னாரே, அது பழசாகி உடையவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வைக்க வேண்டிய கீறல் அவருக்குத் தெரியவில்லை. தடவித் தடவி வைத்து முறுக்கினதில் வழுக்கிப் பிய்ந்துவிட்டது. நீங்கள் உடனே அங்கே தேடிப் பிடித்துப் புதுசு அனுப்பினீர்கள். அந்தப் பார்சல் வந்தபோது மாமா மாடியில் இருந்தார். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை, நடுவில் ஊசி நுழைகிற ஓட்டை. இது ஒன்று பொருந்திவிட்டால் வண்டி கிளம்பிவிடும், இவர் ஏறி உட்கார்ந்துவிடுவார் என்று பயந்துபோய், அடுப்படிக்குக் கொண்டுபோய் உப்பு டப்பாவின் அடியில் புதைத்துவிட்டேன். தப்புதான். வேறு என்ன செய்ய முடியும் என்னால்? நான் சொன்னால் கேட்கிற ஆளா அவர்? உங்களிடம் சொல்லக்கூடாது, ஊராரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பார்சல் வரவில்லை என்றதும் நீங்களோ பார்சல்காரனைத் திட்டிவிட்டு இரண்டாவது அனுப்பினீர்கள். அதுவும் வரவில்லை என்று மாமா சொல்ல, மூன்றாவது. இந்த இரண்டும் என் கைக்கு வரவேயில்லை. நிஜமாகவே வழியில்தான் தொலைந்தது போல என்று நானும் நம்பினேன். கடவுளே என் பக்கம் நிற்கிறார் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை உப்பு தீர்ந்துபோய் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். சின்னதாக ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. நான் வைத்தது வெறும் ஜெட், காகிதமெல்லாம் சுற்றவில்லை. பிரித்தால் எண்ணெய் தடவின காகிதத்துக்குள் மூன்று ஜெட் இருந்தன. உப்பில் கிடந்து பச்சை பூத்திருக்க வேண்டிய என்னுடையதையும் யாரோ தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள்.

தினமும் காலையில் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கிற மனுஷர் வீட்டில் உப்பு டப்பாவில் போய் ஒளித்தேனே, என் புத்தியை என்னவென்று சொல்வது. எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் வந்த இரண்டையும் வாசலிலேயே தானே வாங்கி, கூடவே வைத்திருக்கிறார். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமைகூட உங்களிடம், "இன்னும் வரலப்பா, வந்தாத்தானே மாட்ட முடியும்" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அத்தை காலமான பிறகு நீங்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், இந்தா அவகிட்ட குடுக்கறேன். அவ்வளவுதான். வண்டியைப் பிரித்த நாளிலிருந்து அதைப் பற்றியே ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிஷம் பேச்சு. எனக்கு மிஞ்சுவது மூன்று நிமிஷம், அதைக் குறையாகச் சொல்லவில்லை. சனிக்கிழமையே முகம் வழித்துக்கொள்கிறார், நீங்கள் என்னவோ நேரில் வருகிற மாதிரி. வண்டி ஓடிவிடக்கூடாது என்று நான் ஒளித்தேன். அந்த நாற்பது நிமிஷம் நின்றுவிடக்கூடாது என்று அவர் ஒளிக்கிறார். ஓட்ட முடியாது என்று அவருக்கு நன்றாகவே தெரியும் போலிருக்கிறது. என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று சொல்வதெல்லாம் எனக்காகச் சொல்கிற பேச்சு.

நீங்கள் ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு தடவை டிக்கெட் போட்டீர்கள், இரண்டு தடவையும் வேலை வந்துவிட்டது. நான் உங்களைக் குத்திக்காட்டவில்லை, அங்கே உங்கள் பாடு எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இந்தத் தடவை சொல்லாதீர்கள். அடுத்த வருஷம் நீங்கள் வந்து நின்றால் உங்கள் குரலைத்தான் அவர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டியிருக்கும். நேற்று நம் கல்யாணப் படத்தை ஜன்னலோரம் எடுத்துப்போய், மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, "இவன் இப்ப இளைச்சிருப்பானோ" என்று என்னிடம் கேட்டார். 

நான் எழுதினது அவருக்குத் தெரிய வேண்டாம். லீவு கிடைத்தது, வந்தேன் என்று சொல்லுங்கள். உங்கள் கையால் அந்த ஜெட்டை மாட்டி, நீங்களே உதைத்துக் கிளப்பி, அவரைப் பின்னால் உட்காரவைத்துத் தெருக்கோடி வரைக்கும் போய்விட்டு வாருங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

மூன்றையும் அதே காகிதத்தில் சுற்றி, புது உப்பு கொட்டி, பழையபடி புதைத்துவிட்டேன். நான்காவது அனுப்பாதீர்கள், அத்தான். நீங்கள் வாருங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் மனைவி