நீச்சல் குளத்தில் வாயைத் திறக்காதே

ஹியூ,

சூப்பைச் சூடாக்கி இருவரும் சாப்பிடுங்கள். பிறகு கீலியை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போ. உன் தீயணைப்பு வீரர் சலுகை அட்டையும் அவளுடைய அட்டையும் கோட்டுப் பையில் இருக்கின்றன. பேசாமல் இரண்டையும் காட்டு. போன சனிக்கிழமை மாதிரி, "இது எங்க வளர்ப்புப் பொண்ணு, நகர கவுன்சில் பராமரிப்புல இருக்கா, இவளுக்கு இலவசம்!" என்று வரிசைக்கே கேட்கும்படி கத்தாதே. உங்கள் தீயணைப்பு வண்டியின் சைரனே தேவலை. பாவம், அன்று அவள் தண்ணீரில் காலே வைக்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

டெலித்

பி.கு.: கடைசிக் கேக் துண்டு அவளுக்கு. தொடாதே.

(அடியில், பச்சைப் பென்சிலில்)

ஹியூ, இன்னைக்கு கவுண்டர்ல நான் பேசிக்கிறேன். "இவர் என் பராமரிப்புல இருக்காரு. தீயணைப்பு வீரர்தான், ஆனா நீச்சல் தெரியாது!"ன்னு கத்துவேன். அப்புறம் கேக்ல பாதி உங்களுக்கு.

கீலி