தண்ணீர் வராமலே முடிந்த புகார்

ஜூன் 9

காலையிலேயே மேகம். மழை இல்லை, புழுக்கம்தான். பஸ்ஸில் ஏரியூர் போய்ச் சேர்வதற்குள் சேலை நனைந்துவிட்டது.

ஆபீசில் நுழைந்ததும் மாதம்மாக்கா போன். மலையடிக் காலனிக்காரர். அவர்கள் தெருக்குழாயில் தண்ணீர் இல்லையென்று நான்கு வீட்டார் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குடிநீர்த் தொண்டு நிறுவனத்தில் புகார் பதிவது என் வேலை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அதே புகார்தான், டூப்ளிகேட் என்று மூடியிருந்தேன். மூடினால் தானாக ஒரு மெசேஜ் போகும்: உங்கள் புகார் முடிந்தது. மாதம்மாக்காவுக்கும் போயிருக்கிறது.

"தண்ணியே வரல, முடிஞ்சுதுன்னு சேதி அனுப்புறீங்க. இனிமே உங்ககிட்ட சொல்றதா இல்லீங்க."

வைத்துவிட்டார். நியாயம்தான். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை.

ஜூன் 10

நாங்கள் புகார் பதிகிற அந்த மென்பொருள் இலவசம். உலகத்தில் யார் யாரோ உட்கார்ந்து எழுதுவது. நாமும் திருத்தி அனுப்பலாம். அனுப்பப் போகிறேன். படித்த கம்ப்யூட்டர் படிப்பு இதற்காவது ஆகட்டும்.

யோசனை: ஒரே குறையென்றால் மூடாமல் ஒன்றாகச் சேர்ப்பது. சொன்ன எல்லோர் பெயரும் அதில் இருக்கும். குழாய் சரியான பிறகுதான் எல்லோருக்கும் மெசேஜ்.

எங்கள் மேனேஜர் சாரிடம் சொன்னேன். நம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் மாற்றினால் அடுத்த அப்டேட்டில் போய்விடும், அதை எழுதுகிறவர்கள் ஏற்றுக்கொண்டால் போடலாம், இல்லாவிட்டால் பழையபடிதான் என்றார். கறார்.

காலனிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் இன்று சரியானது. சொல்லக் கூப்பிட்டேன். மாதம்மாக்கா எடுக்கவில்லை.

ஜூன் 28

முடித்தேன். பாப்பாரப்பட்டியில் வீடு திரும்பிய பிறகு கிடைக்கும் நேரமெல்லாம் இதிலேயே. சமையலெல்லாம் என் வீட்டுக்காரர் அருள்தான். அதியமான்கோட்டை டயர் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து ரசம் வைக்கிறார். தங்கமான மனுஷன். உப்பு மட்டும் தூக்கல்.

அனுப்பியாச்சு.

ஜூன் 29

நான் அனுப்பியதை மூடிவிட்டார்கள். இரண்டே வரி. இதே யோசனை பழைய பட்டியலில் இருக்கிறதாம், இது டூப்ளிகேட்டாம். பெரிய மாற்றமென்றால் எழுதும் முன்பே பேச வேண்டும், விதிகளைப் படிக்கவும்.

படிக்கவில்லைதான். ஆனாலும் காட்டமாக ஒரு பதில் அடித்தேன். அருள் எட்டிப் பார்த்தார்.

"இத அனுப்பாத. அந்தக்கா உன்னத் திட்டுனத அப்படியே எழுது. போதும்."

எழுதினேன். இன்று எனக்கும் அதே மெசேஜ்தான் வந்திருக்கிறது என்று கடைசியில் சேர்த்தேன்.

ஜூலை 1

திரும்பத் திறந்திருக்கிறார்கள்.

அந்த மென்பொருளின் பொறுப்பாளர்களில் ஒருவர், ஆர். என்று பெயர் போட்டுக்கொள்கிறார். எந்த நாடோ. மூடியது தான்தான் என்று மன்னிப்புக் கேட்டிருந்தார். ஆனால் இப்படி மொத்தமாகக் கொடுத்தால் யாராலும் பார்க்க முடியாது, சின்னச் சின்னதாகப் பிரித்து அனுப்புங்கள், ஒவ்வொன்றையும் நானே பார்க்கிறேன் என்கிறார். சம்பளமில்லாத வேலை அவருக்கு. கண் கலங்கிவிட்டது. ஆபீசில் எல்லோரும் மாம்பழம் நறுக்குவதில் மும்முரம், யாரும் பார்க்கவில்லை.

– எழுதியதைத் துண்டு துண்டாகப் பிரிக்க
– சரியாக ஓடுகிறதா என்று பார்க்க டெஸ்ட் எழுத
– சமையல் கேஸ் புக் பண்ண

ஜூலை 19

ஆர். லேசில் விடுவதில்லை. ஒரு வரிக்கு மூன்று கேள்வி. இன்று பெரிய ஓட்டையைப் பிடித்தார். சேர்த்ததைத் திரும்பப் பிரிக்க வழியே வைக்கவில்லை நான். வேறு வேறு தெருக் குழாய்களைத் தவறிச் சேர்த்துவிட்டால்? தண்ணீர் வராமலே மெசேஜ் போய், இன்னொரு அக்கா போனில் வந்திருப்பார். அந்த மனிதர் நன்றாயிருக்கட்டும்.

கேஸ் இன்னும் புக் பண்ணவில்லை.

ஆகஸ்ட் 4

ஏற்றுக்கொண்டார்கள். ஆர். எழுதியது ஒரு வரி: போனில் திட்டிய அந்த ஊர்க்காரருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

அருள் பிரியாணி வாங்கி வந்தார். என்ன ஏற்றுக்கொண்டார்கள் என்று அவருக்கு முழுதாகப் புரியவில்லை. என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

ஆகஸ்ட் 12

சார் சொன்னபடி புதுசைப் போட்டுவிட்டார். அவருக்கும் ஒரு கும்பிடு.

நேரில் சொல்லக் காலனிக்குப் போனேன். மாதம்மாக்கா ராகி புடைத்துக்கொண்டிருந்தார். ஆர். சொன்ன நன்றியைச் சொன்னேன். இனிமேல் தண்ணீர் வந்த பிறகுதான் மெசேஜ் வரும் என்றேன். டீ கொடுத்தார்.

"பாக்கலாங்க."

அவ்வளவுதான். திரும்பும்போது மனசு சரியில்லை.

ஆகஸ்ட் 20

தூறல். பஸ் தாமதம். ஆபீஸ் கதவைத் திறக்கும்போதே போன்.

"மாதம்மா பேசறங்க. குழாய் நிக்கவே மாட்டேங்குது, தண்ணி வீணா ஓடுது. எழுதிக்கிங்க."

ஏற்கெனவே இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். அவர் பெயரையும் சேர்த்தேன்.