கல்யாணத்தில் மட்டும் புகையும் பெட்டி

அன்பு மகள் ஜுல்ஃபியேவுக்கு அப்பா சாப்ரி எழுதுவது. எழுத்து மேலும் கீழும் போவதற்கு மன்னித்துக்கொள். நாற்பது வருடம் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கம்பியைப் பிடித்த கைக்குப் பேனா பிடிபட மாட்டேன் என்கிறது, அழுத்தினால் தாள் கிழிகிறது, லேசாகப் பிடித்தால் எழுத்து நழுவுகிறது. ஆனால் யாரையும் கூப்பிட்டு எழுதச் சொல்லவில்லை, ஒவ்வொரு எழுத்தும் என் கைதான். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அவளுக்கு முழங்கால் மட்டும் பிடிக்கிறது. அங்கே டோர்ட்மண்டில் நீயும் உடம்பும் மனதும் நன்றாக இருக்க அல்லா அருளட்டும். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் போனில் நீ அவசரப்படுவாய். இதை மெதுவாகப் படி, நான் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

உன் அத்தை மகன் நாஸ்மியின் மேளக்குழுவுக்கு நான் கட்டிக்கொடுத்த பெரிய ஆம்ப்ளிஃபயர் உனக்கு நினைவிருக்கும், அதற்குத் துளை போடும்போது நீதான் தகரத்தைப் பிடித்துக்கொண்டாய். முப்பது வருடமாகப் பெட்டிகள் கட்டுகிறேன், நம் குடியிருப்பில், இந்த மகல்லாவில், என் பெட்டி இல்லாமல் கல்யாணம் நடந்ததில்லை. இந்த வசந்தத்தில் அது என் மானத்தை வாங்கிவிட்டது. முதல் கல்யாணத்தில் ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது ஸ்பீக்கர் ஒரு முறை உறுமியது, அப்புறம் புகை. வீட்டில் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தால் கடைசி வரிசை டிரான்சிஸ்டர் நான்கும் செத்துக் கிடந்தன, ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நடுவில் தடையே இல்லை. அவை அப்படிச் செத்தால் கரண்ட் நேராக ஸ்பீக்கருக்குள் பாய்ந்துவிடும், அதன் சுருளும் கருகியிருந்தது. நான்கையும் மாற்றி, பாதுகாப்புக்குச் சீரிஸ் பல்பு போட்டு மெல்ல உயிர் கொடுத்தேன். பல்பு ஒரு முறை மின்னி அடங்கியது, அடங்கினால் நலம் என்று அர்த்தம். இரண்டு நாள் முழுக்க ஓடவிட்டேன், உன் அம்மா பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டுதான் சமைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த கல்யாணத்தில் மறுபடி புகை. சந்தையில் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்து, பழைய ரேடியோக்களிலிருந்து நல்லதாக எடுத்துப் போட்டேன். மூன்றாவது கல்யாணத்திலும் புகை.

நாஸ்மி பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கி, தெருவே கேட்கும்படி, "மாமா, உங்க கண்ணு போயிடுச்சு, ஒத்துக்கோங்க. எங்கேயோ ஈயம் ஒழுகிக் கிடக்கு, உங்களுக்குத் தெரியல" என்றான். எனக்கும் சுருக்கென்றது, "நீ திருட்டுத்தனமா ரெண்டு ஸ்பீக்கர் கூட மாட்டுறே, அதான் தாங்கல. கழுதை மேல யானையை ஏத்தினா கழுதை என்னடா பண்ணும்" என்றேன். அவன் தன் குழந்தைகள் மேல் சத்தியம் செய்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கிட்ட மிச்சம் இருக்கிறது ஒரே ஜோடி ஸ்பீக்கர் மாமா. சனிக்கிழமை ரஸீம் பொண்ணு கல்யாணம். அதுலயும் புகைஞ்சா நான் கடையில புதுசு வாங்கிக்கிறேன், நீங்க மனசு கஷ்டப்படக் கூடாது" என்றான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், மெதுவாகச் சொன்னதுதான் என்னைச் சுட்டது. அவன் கடைக்குப் போனால் மற்ற குழுக்களும் போவார்கள், அப்புறம் உன் அப்பா பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்க வேண்டியதுதான்.

இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேனே, அந்த மாலை வகுப்பு ஆசிரியை ராத்கா அம்மா தினமும் மூன்று வரி எழுதச் சொல்லியிருந்தார், எதையாவது எழுதுங்கள், நடந்ததை எழுதுங்கள் என்று. வெள்ளிக்கிழமை அந்த நோட்டை விரல் வைத்துத் திரும்பப் படித்தேன். எனக்குத் தெரிந்தவை சின்னச் சொற்கள்தான், அதனால் கல்யாண நாள்களில் சின்னதாகத்தான் எழுதியிருந்தேன். மழை இல்லை. மணப்பெண் ஆட வந்தாள். பெட்டி போயிற்று. பத்துப் பக்கம் தள்ளி, வெயில் அதிகம், மணப்பெண் ஆடினாள், பெட்டி போயிற்று. மூன்றாவதிலும் அதேதான். ஜுல்ஃபியே, மூன்று முறையும் மணப்பெண் ஆடும்போதுதான் பெட்டி போயிருக்கிறது. இது என் தலைக்குள் இருந்தபோது எனக்குத் தெரியவில்லை, தாளில் இருந்தது.

மணப்பெண் வந்ததும் நாஸ்மி சத்தத்தைக் கூட்டுகிறான் என்று நினைத்து, சனிக்கிழமை ஒலித் திருகைப் பாதியில் நிறுத்தி டேப் ஒட்டிவிட்டு, பெட்டிக்குப் பின்னால் கவிழ்த்த பீர் கூடையில் உட்கார்ந்துவிட்டேன். டிரான்சிஸ்டர்கள் ஏறியிருக்கும் அலுமினியத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. நான்கு மணிக்கு ரஸீமின் மகள் ஆட வந்தாள், தலையின் இரண்டு பக்கமும் ஜிகினா இழைகள் இடுப்பு வரை. வழக்கம்போலப் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஆளுக்கு ஒன்றாக உருவினார்கள், அறுந்தவை காற்றில் பறந்தன. எந்த நொடி உறுமும் என்று காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்திருந்தேன். அப்போது ஒரு இழை தரையை ஒட்டி நேராக என்னிடம் வந்தது. காற்று அந்தப் பக்கம் அடிக்கவில்லை. அதை இழுத்தது என் விசிறி. ஏப்ரலில் நானே துளை போட்டு, சூடு தணியட்டும் என்று நானே மாட்டிய விசிறி. பாதி இழை உள்ளே போய்விட்டது, டிரான்சிஸ்டரின் கால்களுக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. ஜிகினா உலோகம் அல்லவா, இரண்டு கால்களைத் தொட்டால் போதும், கரண்ட் அதன் வழியே பாய்ந்து எல்லாம் கருகிவிடும்.

சுவிட்சை அணைத்துவிட்டேன். மணப்பெண்ணின் ஆட்டத்தில் இசை நின்றால் அதை இங்கே அபசகுனமாக எடுத்துக்கொள்வார்கள், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரஸீம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "கிழவா, எம்பொண்ணு வாழ்க்கையில கை வைக்கிறியா" என்று என் சட்டையைப் பிடித்தான். இழையை விரலால் காட்டினேன். நாஸ்மி குனிந்து பார்த்தான், என்னைப் பார்த்தான், கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கி, மணப்பெண்ணைச் சுற்றிச் சுற்றி, மைக் இல்லாமல் வெறும் மூச்சால் ஊதினான். டவுல் மேளம் அடிப்பவனும் பின்னால் இறங்கினான். அந்தக் கால் மணி நேரத்தில் நான் மூடியைக் கழற்றி, இழையை இடுக்கியால் எடுத்தேன். உன் அம்மா கூட்டத்தின் நடுவிலேயே தன் மெல்லிய நைலான் காலுறையைக் கழற்றி நீட்டி, "இதை உன் விசிறி மூஞ்சியில கட்டு, மனுஷா" என்றாள். கட்டினேன், காற்று போகும், இழை போகாது. பிறகு இருட்டும் வரை பெட்டி பாடியது, புகையவே இல்லை. முந்தைய மூன்று தடவையும் ஏன் தெரியவில்லை என்று கேட்கிறாயா, பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாகத் தூரிகை போட்டுச் சுத்தம் செய்வேனே, இழையில் எரிந்தது போக மிச்சத்தை நானேதான் துடைத்து எறிந்திருக்கிறேன். சுத்தக்காரன் என்று எனக்குப் பெருமை வேறு. இனி முதலில் பார்ப்பேன், பிறகு எழுதுவேன், அப்புறம்தான் துடைப்பேன். நாஸ்மி பெட்டியை ஏற்றும்போது, "மாமா, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றான், அவ்வளவுதான், ஆனால் காலுறை கட்டிய இன்னொரு பெட்டி வேண்டுமாம்.

மகளே, நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொள். அல்லா உன் கைக்கும் காலுக்கும் பலம் தரட்டும், உன் வாசலில் நல்லவர்கள் மட்டும் வரட்டும். அந்த இழையை மடித்து இந்தத் தாளுக்குள் வைத்திருக்கிறேன். மணப்பெண்ணின் இழை வைத்திருக்கும் பெண்ணுக்கு வருடத்துக்குள் கல்யாணம் என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள், நம்புவதும் நம்பாததும் உன் பாடு. நான் சொல்வது ஒன்றுதான், இதை ரேடியோ பக்கத்தில் வைக்காதே. அடுத்த வாரம் உன் அம்மாவின் முழங்காலைப் பற்றி எழுதுகிறேன், அந்தச் சொல்லை இன்னும் நேராக எழுத வரவில்லை.

உன் அப்பா,
சாப்ரி (நானே போட்ட கையெழுத்து)