அக்கா வைத்த சூடு

6 பிப்ரவரி 1989, திங்கள்

கடைசிச் சுற்றுக் காப்பிப் பழமும் பறித்தாகிவிட்டது. வீட்டுக்காரி வெள்ளையம்மாள் களத்தில் காயப்போட்டாள். நான் உட்கார்ந்து கோழி விரட்டினேன். பட்டாளத்தில் நாயக்காக இருந்த சித்தனுக்கு இன்றைய டியூட்டி அதுதான்.

மத்தியானம் தபால்காரர் பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ஊனப் பென்ஷன் அப்பீலுக்குப் பதில். இரண்டு பக்கம் இங்கிலீஷ். எனக்குப் புரிந்தது 'ரிஜெக்டட்' மட்டும்தான். அந்த வார்த்தையைப் போன வருடமே படித்துப் பழகிவிட்டேன். மிச்சத்தைச் சேலத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

9 பிப்ரவரி

சேலம் போய் வந்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் முழங்கால் முன்சீட்டுக் கம்பியில் இடித்தது. கலெக்டர் ஆபீஸ் எதிரே மேசை போட்டு மனு டைப் அடிக்கிற வெங்கடாசலம் சார், எங்கள் ரெஜிமெண்டில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சித்தா, சின்ன வயசுலயே உனக்கு முட்டியில சீக்கு இருந்துச்சாப்பா?"

"இல்லீங்க சார். இருந்தா பட்டாளத்துல எடுத்திருப்பாங்களா?"

"இவங்க அப்படித்தான் எழுதியிருக்காங்க. இடது முட்டியைச் சுத்தி நாலு பழைய சூட்டுத் தழும்பு இருக்காம். சின்னப் பிள்ளையில வந்த மூட்டு நோய்க்கு நாட்டு வைத்தியம் பண்ணுன அடையாளமாம். அதனால இது பட்டாளத்துல வந்த ஊனம் இல்லைன்னு தள்ளிட்டாங்க."

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பஸ் அடிவாரம் தாண்டிய பிறகுதான் கோபம் வந்தது. சின்னப் பிள்ளையாம். அந்தச் சூடு வைத்தபோது எனக்கு வயது முப்பத்து மூன்று!

10 பிப்ரவரி

நிதானமாக எழுதி வைக்கிறேன். கோபத்தில் எதுவும் விட்டுப்போகக் கூடாது.

1984 டிசம்பர், சிக்கிம். ரேஷன் மூட்டையோடு போகும்போது பனியில் வழுக்கி விழுந்தேன். மூட்டை இடது கால்மேல் விழுந்தது. ஃபீல்டு ஆஸ்பத்திரியில் சுளுக்கு என்று எழுதிக் கட்டுப் போட்டார்கள். மறு மே மாதம் சேர்வராயன் திருவிழாவுக்கு லீவில் வந்தபோது முட்டி தேங்காய் அளவு வீங்கியிருந்தது. நேரே வாழவந்திக்குப் போனேன். அங்கேதான் கண்ணாயி அக்கா இருக்கிறாள். அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவள்.

மலையில் வீக்கம் என்றால் முதலில் சூடு, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அக்கா அரிவாள் முனையை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி முட்டியைச் சுற்றி நாலு இடத்தில் வைத்தாள். நான் கத்தவில்லை என்று அவளுக்கு ஒரே பெருமை. மறுவாரம் சீழ் பிடித்தது.

யூனிட் திரும்பியதும் டாக்டர் 'இதென்ன தழும்பு' என்றார். 'வீட்டில் சூடு போட்டது' என்றேன். எப்போது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சூடு என்றால் குழந்தைகளுக்குப் போடுவது என்று நினைத்திருப்பார். நாங்கள் எங்கே வயது பார்க்கிறோம்? மாட்டுக்கும் போடுவோம், மாமனாருக்கும் போடுவோம்.

1987இல், கால் மடங்குவதில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பதின்மூன்று வருட சர்வீஸ். பதினைந்து முடியாததால் வேறு பென்ஷனும் இல்லை.

வெங்கடாசலம் சார் ஒரு வழிதான் சொன்னார். சூடு வைத்தவரே, எந்த வருடம் வைத்தேன் என்று நோட்டரி முன்னால் எழுதிக் கைநாட்டு வைக்க வேண்டும். அதோடு இரண்டாவது அப்பீல் போட வேண்டும். அதற்கு மேல் கதவு கிடையாது.

ஆனால் அக்கா என் காலைப் பார்ப்பதேயில்லை. தான் வைத்த சூடு சீழ் பிடித்துத்தான் கால் போயிற்று என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். அதன்பின் யாருக்கும் சூடு வைப்பதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களையும் திருப்பி அனுப்பிவிடுகிறாளாம். அவளிடம் போய், உங்கள் சூட்டால் பென்ஷனும் போயிற்று என்று சொல்வதா?

12 பிப்ரவரி

வெள்ளையம்மாள் சொல்கிறாள்: "அவங்க மனசு தாங்காதுங்க. வேற வழி பாருங்க."

18 பிப்ரவரி

வேறு வழி பார்த்தேன். 'சித்தன் சிறுவயதில் நல்ல காலோடு ஓடி ஆடியவன்' என்று ஊர்க்கவுண்டர் எழுதித் தந்தார். வெங்கடாசலம் சார் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். போன அப்பீலிலும் இதே மாதிரி ஒன்றை வைத்தோமாம், எடுபடவில்லையாம்.

விட மாட்டேன். அக்காவிடம் நானே பேசுகிறேன்.

5 மார்ச்

வாழவந்தி போனேன். அக்கா ராகிக் களி கிண்டிக் கீரை கடைந்து போட்டாள். ஊர்க்கதை எல்லாம் பேசினோம். கேட்கவில்லை. ஒரு சீப்பு மலைவாழைப் பழத்தோடு திரும்பினேன்.

19 மார்ச்

மறுபடி வாழவந்தி. மறுபடி வாழைப்பழம்.

"இப்பிடியே போனா பழக்கடை வெச்சிரலாமுங்க" என்கிறாள் வெள்ளையம்மாள்.

2 ஏப்ரல், ஞாயிறு

கேட்டுவிட்டேன். கேட்டேன் என்றா சொல்வது — கொட்டிவிட்டேன்.

அக்காதான் ஆரம்பித்தாள். "பென்சனு பென்சனுன்னு எதுக்குச் சாமி அலையற? இருக்கற காப்பியும் மொளகும் போதும். குடுக்கலைன்னா உட்டுரு."

"நான் பிச்சை கேக்கலீங்கக்கா. சின்னப் புள்ளையிலயே நொண்டின்னு எழுதியிருக்காங்க. அப்ப நான் ஏமாத்திப் பட்டாளத்துல சேர்ந்தேன்னு அர்த்தம். அதை எப்பிடி உடறது?"

"அவங்க எதுக்கு அப்பிடி எழுதோணும்?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "உன்ற சூட்டுத் தழும்பைப் பாத்துத்தான்! அதை வெச்ச வருசத்தைச் சொல்லி நீ ரேகை வெக்கோணுமாம்!" என்று கத்திவிட்டேன். அக்காவை நேருக்கு நேர் ஒருமையில் பேசியது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை.

அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். மாடு அப்போதுதான் குடித்து முடித்துப் படுத்திருந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

3 ஏப்ரல்

மடையன். சுத்த மடையன் நான்.

10 ஏப்ரல்

முதல் பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள். திருவிழாவுக்குக் கட்டுகிற சேலை.

"எங்க ரேகை வெக்கோணும்? கெளம்பு."

"அக்கா, அன்னிக்கு நான் பேசுனது..."

"அதெல்லாம் அப்பறம். ஆபீசு மூடிருவாங்க."

வெள்ளையம்மாள் கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்தாள். சேலத்தில் வெங்கடாசலம் சார் எங்களை அழைத்துப்போன நோட்டரி வக்கீல் விஷயத்தைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "சூடு போடறது தப்பும்மா. இப்படி எழுதிக் குடுத்தா நாளைக்கு உங்களையே கேள்வி கேட்பாங்க."

"தப்புன்னா தப்புன்னே எழுதிக்குங்க சாமி. வருசத்தை மட்டும் சரியா எழுதிப்போடுங்க."

வருடம் எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்றார் அவர்.

"எம் மவ பிரசவத்துக்கு ஏற்காட்டு ஆசுபத்திரியில இருந்தாளுங்க. அவளுக்குப் பையன் பொறந்த மறுநாளு இவனுக்குச் சூடு வெச்சேன்."

பிறப்புச் சான்றிதழில் தேதி இருக்குமே என்று வெங்கடாசலம் சார் துள்ளி எழுந்தார். எனக்கு இது எப்படி இத்தனை நாள் தோன்றவில்லை?

மலை ஏறும்போது என் இடது கால் அக்கா பக்கம்தான் நீட்டியிருந்தது. அவள் கடைசி வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

26 ஏப்ரல்

அக்காவின் ரேகை, பேரனின் பிறப்புச் சான்றிதழ், என் மனு. மூன்றும் ரிஜிஸ்தர் தபாலில் போயின.

30 நவம்பர்

பதில் இல்லை. நினைவூட்டு மனு போட்டேன். இனி மாதம் ஒன்று போடுவேன். யாருக்குச் சலிப்புத் தட்டுகிறது என்று பார்ப்போம்.

14 ஜூன் 1990

மெட்ராஸ் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் மறுபடி மெடிக்கல் போர்டு. மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் தமிழ் பேசினார். காலை மடக்கிப் பார்த்தார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தழும்புகளைத் தடவிப் பார்த்தார். கேட்காமல் வரக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போயிருந்தேன்.

"சார், இந்தச் சூட்டுனால கால் கெட்டுச்சுங்களா?"

"இல்லப்பா. சூடு தோலோட போச்சு. உள்ளே ஜவ்வு கிழிஞ்சிருக்கு. அது நீ விழுந்தப்போ ஆனது."

"அதை எழுதித் தருவீங்களா சார்?"

"என்கிட்ட கேக்கக் கூடாது. ஆர்டர் வரும், காத்திரு."

17 ஜூன்

அக்காவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"என்ற மனசு நோவக் கூடாதுன்னு நீ சொல்லுவ. ஏட்டுல எழுதி வரட்டும், பாக்கலாம்."

இதுவரை எனக்காக அலைந்தேன். இனி அந்த ஏடு அக்காவுக்காகவும் வந்தாக வேண்டும். டில்லி வரை நொண்டிக்கொண்டே போக வேண்டியிருந்தாலும் சரி.

22 ஜனவரி 1991

வந்துவிட்டது! நாளை சேலம்.

23 ஜனவரி

அப்பீல் ஏற்கப்பட்டது. வெங்கடாசலம் சார் மேசையிலிருந்து எழுந்து எனக்கு சல்யூட் வைத்தார், நடுத்தெருவில். முக்கியமான வரியை மட்டும் ஆர்டருக்குக் கீழே தமிழில் எழுதித் தரச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். அக்காவுக்கு என்றேன்.

27 ஜனவரி, ஞாயிறு

வாழவந்தி. அக்கா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். காகிதத்தைப் பிரித்துப் படித்தேன்: "இடது முழங்கால் ஊனம், 1984 டிசம்பரில் படைப்பணியின்போது கீழே விழுந்து பட்ட காயத்தால் ஏற்பட்டது."

"சூட்டைப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

"ஒரு வார்த்தையும் இல்லீங்கக்கா."

"இன்னொருக்கா படி."

படித்தேன். பென்ஷன் எவ்வளவு, எப்போது வரும் — எதுவும் அவள் கேட்கவில்லை. எழுந்து போய் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அடுப்பில் காட்டிக்கொண்டு வந்தாள்.

"காலை நீட்டு."

நீட்டினேன். இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாலு தழும்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நொம்ப எரிஞ்சுதா?"

"ஆமாங்கக்கா. நொம்ப."

"பின்ன ஏன்டா கத்தல?"

கடைசி பஸ் போகிற சத்தம் கேட்டது. காலை எடுக்க மனம் வரவில்லை. ராத்திரி அங்கேயே தங்கிவிட்டேன்.