பீச்சாங்கைக் கத்தி

ஹாரோ, இலோய்லோ
5 பிப்ரவரி 1978

அன்புத் தங்கை ருஃபீனாவுக்கு,

கால் பெருவிரல் வாதத்தைத் தவிர்த்தால் சுகமாக இருக்கிறேன். நீ அனுப்பிய கருவாடு வந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல். டாக்டர் திட்டுவார் என்று தெரிந்தே தின்று தீர்த்தேன். கந்தேலாரியா திருவிழாவுக்கு இந்த முறையும் நீ வரவில்லை. கேட்டால் கொப்பரை காயும் மாதம் என்பாய். உனக்கு எல்லா மாதமும் கொப்பரை காயும் மாதம்தான்.

ஒரு விஷயம். வெளியே பேசாதே. திருவிழாவுக்குப் பக்கோலோதிலிருந்து என் நண்பர் அமாடோ வந்திருந்தார். அவரும் என்னைப்போல் பழைய கத்திகள் சேர்ப்பவர். என்னிடம் இருபது இருந்தால் தன்னிடம் நாற்பது என்று சொல்லாமல் காப்பி குடிக்க மாட்டார். கூடத்துச் சுவரின் நடுவில் தொங்கும் அப்பாவின் தலிபோங் கத்தியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“மெலெசியோ, உங்கப்பா பீச்சாங்கைக்காரரா?”

“இல்லையே. ஏன்?”

“அப்ப இது உங்கப்பா கத்தி இல்ல. எவனுக்கோ அடிச்சத உன் தலையில கட்டிட்டாங்க.”

நம் கொல்லர்கள் அலகை ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சரிவாகவும் அடிப்பார்கள். வலக்கைக்காரருக்குச் சரிவு வலப்பக்கம் வரும். இதில் இடப்பக்கம் இருக்கிறது. பிடியும் சிறியது. அந்தக் காலத்து மனிதர்களுக்குக் கை சிறியது என்று வருகிறவர்களிடம் நானே விளக்கம் சொல்லி வந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் நகரக் கண்காட்சியில் இதை ‘கெரில்லா வீரர் ஃப்ளோரென்டீனோவின் போர்க்கத்தி’ என்று வைக்கப் போகிறார்கள். அட்டைகூட அச்சாகிவிட்டது. அப்பாவின் அடக்கம் முடிந்து நான் வீட்டிலிருந்து எடுத்து வந்த கத்தி, கடையில் வாங்கியதல்ல. போரின்போது நான் மணிலாவில் இருந்தேன். நீதான் அவரோடு மலையில் இருந்தாய். அவர் இதை யாரிடமாவது வாங்கினாரா? உடனே எழுது.

உன் அண்ணன்
மெலெசியோ


திபியாவோ, அந்தீக்கே
13 பிப்ரவரி 1978

அன்புள்ள மனோங்,

குறை சொல்லிக்கொண்டே கருவாட்டைத் தின்று தீர்த்ததில் சந்தோஷம். அடுத்த முறையும் உப்பு அதே அளவுதான்.

உங்கள் நண்பர் சொன்னது சரி. அது அப்பாவின் கத்தி இல்லை. என்னுடையது.

ஜப்பான்காரன் வந்த வருஷம் மலையேறினோம். எனக்குப் பதினாலு வயது. அப்பா பாதி நாள் கெரில்லாக்களோடு போய்விடுவார். மூங்கில் வெட்டுவதும் கிழங்கு தோண்டுவதும் என் வேலை. பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் விரலில் அடித்தடித்து என் எழுத்தை மட்டும்தான் வலக்கைக்கு மாற்றினார்கள். வெட்டுவது இன்றும் இடக்கையால்தான். அப்பாவின் கத்தியை வைத்துக்கொண்டு நான் படுகிற பாட்டைப் பார்த்து அவர் என்னைக் கொல்லரிடம் கூட்டிப்போனார்.

“பொம்பளப் புள்ளைக்குத் தலிபோங்கா?” என்று கொல்லர் சிரித்தார்.

“அவ பீச்சாங்கை. அவ கைக்குத் தகுந்த மாதிரி அடி. சிரிக்கிறத அப்புறமா சிரிச்சுக்க” என்றார் அப்பா.

அவருடைய கத்தி அந்த மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்கும்போது போய்விட்டது. அலகு விளிம்பில் இருக்கும் பொக்கை ஜப்பான்காரனின் துப்பாக்கியில் பட்டு விழுந்தது என்று எல்லோரிடமும் சொல்கிறீர்கள். அது பன்றித் தாடை. அதுவும் அடுத்தவர் பன்றி.

அடக்கத்துக்கு மறுநாள் நீங்கள் அதைச் செய்தித்தாளில் சுற்றினீர்கள். “மனோங், அது வந்து…” என்று ஆரம்பித்தேன். “மூத்தவனுக்குச் சேர வேண்டியது” என்றீர்கள். அம்மா என் கையைக் கிள்ளினாள். அன்றிலிருந்து சந்தைக் கத்திதான். அது என் கையில் விலகி விலகிப் போகும். கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது. இங்கே வரும்போதெல்லாம் நான் இடக்கையால் சீவிக் கொடுத்த இளநீரைத்தான் குடித்திருக்கிறீர்கள்.

கோபமாகத்தான் இருந்தேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

ருஃபீனா


ஹாரோ
27 பிப்ரவரி 1978

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அலகில் துரு ஏறிவிட்டது என்று கண்காட்சிக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். அமாடோவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பன்றிக் கதை விசாயாஸ் தீவுகள் முழுக்கப் பரவிவிடும்.

நன்றாக யோசித்தேன். அந்தக் கத்தியை என் தொகுப்பிலிருந்து உனக்குப் பரிசாகத் தர முடிவு செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஓட்டுநர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உறை நான் புதிதாகச் செய்தது. இடுப்பின் இடப்பக்கம் கட்டுவது. பழையதில் வார் மாட்டும் இடம் தப்பான பக்கம் இருக்கிறதென்று தூக்கிப் போட்டுவிட்டேன். துடைத்து எண்ணெய் போட்டு வை. தயவுசெய்து மீன் வெட்டாதே.

இன்னொன்று. கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். அஞ்சு சென்டாவோ போதும், பதில் கடிதத்தில் வைத்து அனுப்பு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் நமக்கென்று இருப்பது நாம் இரண்டு பேர்தான்.

மெலெசியோ


திபியாவோ
8 மார்ச் 1978

அன்புள்ள மனோங்,

கத்தி வந்து சேர்ந்தது. ஓட்டுநர் அதைத் தன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். வந்ததும் ஒரு தேங்காயைப் பிளந்தேன். விலகாமல் நேராக இறங்கியது. அழுதுவிட்டேன், அதை உங்களிடம் மறைப்பானேன்.

மீன் வெட்டினேன்.

உறையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இடக்கையால் உருவுகிறவளுக்கு உறை வலப்பக்கம் தொங்க வேண்டும். வேறு கத்திக்கு ஆகும்.

காசு வைக்கவில்லை. பரிசு வாங்குகிறவர்கள் காசு கொடுக்கட்டும். என் பொருள் என் வீட்டுக்கு வந்ததற்கு நான் எதற்குக் கொடுக்க வேண்டும்? உறவு அறுந்துவிடும் என்று பயமாக இருந்தால் ‘உன் கத்தியை உன்னிடம் அனுப்பினேன்’ என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். எனக்கு அது போதும். அதுவரை கருவாடும் கிடையாது.

ருஃபீனா


ஹாரோ
19 ஏப்ரல் 1978

ருஃபீனா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வாதம் முழங்காலுக்கு ஏறியிருக்கிறது. கூடத்தில் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. வேறு எதையும் மாட்ட மனம் வரவில்லை. அமாடோ கேட்டார், விற்றுவிட்டேன் என்றேன்.

நீ கேட்ட வரியை எழுத உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. அப்பா தன் கையால் எனக்கென்று எதையும் கொடுத்ததில்லை. அந்தக் கத்தி ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு வந்தது என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். இல்லை என்று என் கையாலேயே எழுத முடியவில்லை, இந்தாய், என் தங்கையே.

உன்னை இழக்கவும் முடியாது. அதனால் இன்று காலை என் சட்டைப் பையிலிருந்து அஞ்சு சென்டாவோ எடுத்து, ‘இது ருஃபீனா கொடுத்தது’ என்று வாய்விட்டுச் சொல்லி, நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

மெலெசியோ