மூன்றில் இரண்டு பேர் சேர்ந்தால்

என் அருமை அத்தானுக்கு,

உங்கள் அம்மையும் அண்ணனும் சேர்ந்துவிட்டார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், சந்தோஷப்படுங்கள். அண்ணன் கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிய நாளிலிருந்து அவர் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றிருந்த அத்தை, இப்போது குற்றாலத்தில் அவருடைய லாட்ஜில்தான் இருக்கிறாள். நல்ல சீசன், சாரல் விடவே இல்லை, ரூம் எல்லாம் நிறைந்துவிட்டது. அந்த மருமகள் வைக்கும் மீன்குழம்புக்கு ஈடு இல்லையாம். தென்காசி வீட்டில் நான் மட்டும்தான்.

அவர்களைச் சேர்த்து வைத்தது எது தெரியுமா? உங்கள் சாவுதான்.

ஆயுள் முழுக்க நீங்கள் படித்ததும் பாடம் நடத்தியதும் இந்த ஒன்றைத்தானே. பல பேர் தங்கள் ரகசியத்தை வெளியே விடாமல், எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கணக்கைப் போட்டு, விடையை மட்டும் தெரிந்துகொள்வது எப்படி, எதுவரைக்கும் அது முடியும், எதற்குமேல் முடியவே முடியாது என்று. நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்த கடைசி வருஷத்தில் அந்தப் படிப்பை எங்கள் மூன்று பேர் தலையில் கட்டினீர்கள்.

மூன்று போனிலும் நீங்களே எழுதிய ஆப். அதில் ‘போதும்’, ‘இருக்கட்டும்’ என்று இரண்டு பொத்தான். நீங்கள் மூச்சு மிஷினில் கிடக்கும் நாள் வந்தால் ஆளுக்கு ஒன்றை அமுக்க வேண்டும். ஒரே ஒருவர் ‘போதும்’ என்றாலும் விடை அதுதான், குழாயை எடுத்துவிடச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருவர் பதிலும் துண்டு துண்டாகி மற்ற போன்களுக்குப் போகும், ஒரு போனில் உள்ள துண்டை வைத்து யாரும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, விடை வந்ததும் எல்லாத் துண்டும் அழிந்துவிடும் என்றீர்கள். ‘போதும்’ என்று சொன்ன ஆள் மற்ற இரண்டு பேருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளட்டும் என்று உங்களுக்கு நினைப்பு.

“அவங்க ரெண்டு பேரும் சேந்துக்கிட்டா?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேரு ‘இருக்கட்டும்’னு அமுக்கிட்டு அத ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டா, மூணாவது ஆளு மாட்டுனதுதான் ஏட்டி. பூட்டு சரியில்லன்னு இல்ல, விடையே காட்டிக் குடுத்துரும். அதத் தடுக்க உலகத்துல எந்தக் கணக்கும் கிடையாது.” மூச்சு வாங்கச் சிரித்தீர்கள். “எங்க அம்மையும் அண்ணனும் பேசணும்னா ஐந்தருவித் தண்ணி மேல ஏறணும்.”

அதுதான் உங்கள் பாதுகாப்பா அத்தான்? ஊருக்கெல்லாம் காவல் சொல்லிக்கொடுத்தவர், சொந்த வீட்டுக்கு ஒரு சண்டையை நம்பினீர்களே.

அந்த நாளும் வந்தது. அத்தை வார்டு வாசலில், அண்ணன் மாடிப்படியில், நான் மருந்துக்கடைப் பக்கம். நான் ‘இருக்கட்டும்’ என்று அமுக்கினேன். நான்தான் ‘போதும்’ என்பேன் என்று நம்பியிருப்பீர்கள். மாட்டேன். மிஷினோடு கிடந்தாலும் எனக்கு நீங்கள் வேண்டும். ஆனால் விடை ‘போதும்’ என்று வந்தது.

கருமாதி அன்று அத்தை அண்ணன் தோளில் விழுந்து அழுதாள். “நான் இருக்கட்டும்னுதாம்மா அமுக்கினேன்” என்றார் அவர். “பெத்தவ நான் வேற எதலே அமுக்குவேன்” என்றாள் அவள். பந்தியில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்போ நீதானாட்டி எம் புள்ளைய முடிச்சது?”

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அதையே ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

உங்களோடு வேலை பார்த்த மேடத்திடம் போனைக் கொண்டுபோய், நான் அமுக்கியதை எடுத்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். “எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வந்தாலும் முடியாதும்மா. இல்லாதத எப்படி எடுக்க? சார் அவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க” என்றார். பெருமையாகவே சொன்னார். அங்கேயே அந்தப் போனைத் தரையில் அடிக்கலாம் போலிருந்தது.

இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். இருவருமே சொல்லலாம். அமுக்கியதற்கு எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் திணறியதை அவர்களும்தானே பார்த்தார்கள். அமுக்கிவிட்டு என் தலையில் போட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த ஆளுக்கு ஓர் ஆறுதல் வேறு வைத்திருக்கிறீர்கள். ‘போதும்’ என்று அமுக்கியவருக்கு மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரியவே தெரியாது. ‘அவளும் சொல்லியிருப்பா’ என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். எனக்கு அப்படி நினைக்கவும் வழியில்லை.

நேற்று அண்ணன் போன் பண்ணினார். “நாந்தான்னு ஒரு வார்த்த சொல்லிரும்மா. அம்மை மன்னிக்கேன்னு சொல்லுதா. வருஷத் திதிக்கு எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்.” பின்னாலிருந்து அத்தையின் குரல்: “சொல்லச் சொல்லுலே, அவளச் சொல்லச் சொல்லு.” இதில் யாருக்கு அவசரம் அத்தான்? நான் போனை வைத்துவிட்டேன்.

திதிக்குப் போவேன். நானே சமைத்து, நானே இருவருக்கும் பரிமாறுவேன். சோறு வைக்கும்போது, சண்டை போடாமல், “நான் இருக்கட்டும்னுதான் அமுக்கினேன்” என்று மெதுவாகச் சொல்வேன். ‘போதும்’ என்று அமுக்காத ஆள் என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிடும். அமுக்கிய ஆளுக்கு மட்டும், அந்த விடை தன் விரலாலேயே வந்திருக்கும் என்று தெரியுமே, நான் சொல்வது நிஜம் என்று உறைக்கும். யார் கை இலையில் நிற்கிறது என்று பார்ப்பேன். நிற்காவிட்டால் அடுத்த வருஷமும் போவேன், அதற்கடுத்த வருஷமும் போவேன். அவர்களில் ஒருவர் மிஞ்சியிருக்கும் வரைக்கும் பரிமாறுவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மாமன் மகள், உங்களைப் போகவிடச் சம்மதிக்காத பெண்டாட்டி,
கோமதி