நிலையம் நான்கின் சர்வரை நிறுத்த மாட்டேன்

நாள் 2911 | 09:10
செவ்வாய், நிலையம் நான்கு. பதிவு: எஸ்தர் ராஜகனி, சர்வர் பராமரிப்பு. இங்கே நான் ஒருத்திதான். பழைய வெப் சர்வருக்குப் பூமியிலிருந்து ஆறு மென்பொருள் பேக்கேஜ்கள் வந்தன. ஐந்தைப் புதுப்பித்தாயிற்று. ஆறாவது, சர்வரின் பாதுகாப்பில் உள்ள ஓர் ஓட்டையை அடைக்கும் பேக்கேஜ். இயங்குதளத்தின் மையமான கெர்னலும் புதிதாக இல்லாமல் ஏற மறுக்கிறது.

நாள் 2912 | 10:25
தலைமையகத்திலிருந்து வரதன்: "எஸ்தர், அந்த ஓட்டை வழியா யாரோ உள்ள நுழையப் பாக்குறாங்க. மெஷினை ஆஃப் பண்ணிடும்மா. புது சர்வர் பதினாலு மாசத்துல வந்துடும்."
பதினாலு மாதம்! இங்குள்ள ஐந்து சுரங்கங்களுக்கும் சேர்த்து ஒரு டாக்டர்கூடக் கிடையாது. இந்த சர்வரின் மருத்துவப் பக்கங்களைப் பார்த்துத்தான் நர்ஸ்கள் வைத்தியம் செய்கிறார்கள்.
என் பதில்: "முடியாது சார்."

நாள் 2913 | 11:40
கெர்னலை மாற்றினால் இந்தக் கிழட்டு டிஸ்க் மறுபடி எழாது. ஆகவே புதிய பேக்கேஜில் ஓட்டையை அடைக்கும் நாற்பது வரிகளை மட்டும் உருவி, பழைய பதிப்பில் சேர்த்தேன். மூன்று முறை கம்பைல் ஆகவில்லை. நான்காவது முறை ஆனது. அந்த ஓட்டை வழியாக நானே உடைத்து நுழையப் பார்த்தேன், முடியவில்லை. ஆதாரத்தை வரதனுக்கு அனுப்பினேன்.

நாள் 2914 | 13:05
வரதன்: "நீ பண்ணது சரியாவே இருக்கலாம். ஆனா மேலிடத்து முடிவும்மா. 14:00 மணிக்கு ஆஃப் கமாண்ட் அங்க வந்து சேரும்."

13:20
தென்சுரங்க நர்ஸ் ஷமீமா: "அக்கா, பொன்வேல் அண்ணனுக்குப் பாறை விழுந்து நெஞ்சுக்குள்ள காத்து அடைச்சிருச்சு. ட்யூப் போடுற பக்கத்தைத் திறந்து வச்சிருக்கேன். பாதியில போயிடாதுல்ல?"
"போகாது. நீ வேலையைப் பாரு."

13:52
சூட் மாட்டி வெளியே வந்தேன். பூமியோடு பேசும் ஆன்டெனாவின் கேபிள் கையில் இருக்கிறது. ஆஃப் கமாண்டும் இதில்தான் வரும், பூமியில் இருக்கும் என் மகளின் குரலும் இதில்தான் வரும். கழற்றி வைத்தால் நாளைக்கே மனம் இளகி மாட்டிவிடுவேன். அதனால் வெட்டினேன்.

14:31
ஷமீமா: "அக்கா... மூச்சு விடுறாரு."

நாள் 2915 | 09:10
இதைக் கண்டெடுப்பவருக்கு: இனி பூமியிலிருந்து பேக்கேஜ் வராது. அடுத்த ஓட்டையை நானே தேடி நானே அடைப்பேன். நேற்று அழுதேன், அதையும் எழுதி வைக்கிறேன். டிஸ்க் கரகரக்கிறது. கரகரக்கட்டும், ஓடுகிறது.
நீங்கள் இதை நிறுத்த வந்தவரானால், சுரங்கங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.
கதவை உள்ளிருந்து வெல்டிங் வைத்துவிட்டேன்.